ஆலைநாதம் என்னும் ஒலிநாடாவின் சரித்திரம்

சங்கீதம் கற்றவர்கள் சங்கீதத்துக்குச் செய்த தொண்டு பெரிதா, கல்லாதவர்கள் செய்த தொண்டு பெரிதா என்று ஒரு பட்டிமன்றம் வைத்தால், கல்லாதார் கட்சியில் முதலாவதாக எழுந்து பேசும் யோக்கியதை இத்தாலிய ஓவியர் லூயிஜி றுசோலோவுக்கே உண்டு. இரண்டாவதாக எழுந்து பேசும் யோக்கியதை, தற்பெருமையென்று யாரும் எண்ணாவிட்டால், ஏறாவூரில் கூடிய எங்கள் மூவருக்கும் உண்டு. றுசோலோ தொழிலால் தூரிகை பிடித்தவரேயன்றி வயலின் பிடித்தவரல்லர். ஆயினும் 1913ஆம் ஆண்டு, இனிமேல் உலகத்துக்கு வேண்டிய இசை வயலினிலும் புல்லாங்குழலிலும் இல்லை, ஆலைச் சக்கரத்திலும் டிராம் வண்டியிலும் இருக்கிறது என்று அவர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். வெளியிட்டதோடு நில்லாமல், உறுமுவதற்கு ஒன்று, சீறுவதற்கு ஒன்று, வெடிப்பதற்கு ஒன்று எனப் பெட்டி பெட்டியாகக் கருவிகள் செய்து, அவற்றின் முகத்தில் பெரிய கூம்புக் குழாய்களைப் பொருத்தி, அடுத்த ஆண்டு மிலான் நகரத்து அரங்கொன்றில் கச்சேரியும் வைத்தார். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்களுக்கும் அவருடைய கோஷ்டியினருக்கும் கைகலப்பு மூண்டது. கோஷ்டியில் ஒரு பகுதியார் கீழே இறங்கி அடிதடியைக் கவனிக்க, மற்றொரு பகுதியார் மேடையில் இசையைக் கவனித்துக்கொண்டார்களாம். எங்கள் ஒலிநாடாவைக் கேட்டு எவரும் எவரையும் அடிக்கவில்லை. அந்த வகையில் எங்கள் கலை ஒரு படி தாழ்ந்ததேயென்று வைத்துக்கொள்ளலாம்.

1982ஆம் ஆண்டு, மாரி வேளாண்மை அறுவடையாகி நெல் வீடு வந்து சேர்ந்த காலத்தில், எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் தொகுக்கப்பெற்ற ‘ஆலைநாதம்’ என்னும் அவ்வொலிநாடாவை, ஊரைப் பற்றிச் சில வார்த்தை சொல்லாமல் விளக்க முயல்வது வீண். மட்டக்களப்பிலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தூரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக அமைந்த ஏறாவூரில், அக்காலத்தில் ஆலையென்று மரியாதையாகச் சொல்லத்தக்கவை நெல்லுக் குத்தும் மில்களே. உண்மையான தொழிற்சாலை ஒன்றைத் தரிசிக்க வேண்டுமானால் இன்னும் வடக்கே வாழைச்சேனைக்குப் போக வேண்டும். அங்கே 1950களில் நிறுவப்பெற்ற கடதாசி ஆலை, வயல்களில் மிஞ்சிய வைக்கோலை வாங்கிக் கூழாக்கிக் கடதாசி செய்துகொண்டிருந்தது. வைக்கோல் தின்ற மாடு பாலைத் தந்தது. வைக்கோல் தின்ற ஆலை பள்ளிக்கூடக் கொப்பியைத் தந்தது. மாட்டின்மீது எங்களுக்கிருந்த அபிமானம் ஆலையின்மீது இல்லாதிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஆலை இசை எவ்வாறு உதித்தது என்று கேட்பீர்களாயின், பழியெல்லாம் மீனையே சாரும். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறதென்பது உலகறிந்த விஷயம். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் என்னும் ஆங்கிலத் துரை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு நிலாக்காலத்து இரவில் மீனவரோடு தோணியேறிச் சென்று அந்த நாதத்தைத் தம் காதாலேயே கேட்டுப் புத்தகத்திலும் எழுதிவைத்தார். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தரோ, 1947இல் வெளிவந்த யாழ்நூலில், அவ்வொலியை நீரரமகளிரின் இன்னிசையாகவே பாவித்துப் பாடினார். மீனா, ஊரியா, வேறு ஏதேனும் ஜந்துவா என்ற விவாதம் இன்றுவரை தீரவில்லை. தீராதிருப்பதே மட்டக்களப்பாருக்குக் கௌரவம். நிற்க. 1950களில், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் அடிகளார் என்னும் அமெரிக்க இயேசுசபைத் துறவி அந்த ஒலியைப் பதிவு செய்தார். அது பின்னர் இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. செங்கலடியிலிருந்து சைக்கிளில் வந்து எங்களோடு படித்த நண்பரொருவர், வானொலிப் பெட்டி திருத்துவதில் அரைவாசித் தேர்ச்சியும் முழுத் துணிவும் உடையவர், இச்செய்தியைத் தம் தகப்பனார் வாயிலாக அறிந்து எங்களுக்கு விஸ்தரித்தார். கேட்டுக்கொண்டிருந்த என் மச்சான், மாமியின் மகன், சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது இது: “மீனுக்கு ரேப் போட்டவங்க மெசினுக்கு ஏன் மச்சான் போடல்ல?”

நியாயமான கேள்வி. மீனைத் தேடிப் போவதென்றால் கல்லடிப் பாலத்துக்குப் போக வேண்டும், நிலவு வேண்டும், தோணி வேண்டும், அமைதி வேண்டும். எங்கள் பக்கத்து வாவியில் தாராளமாகக் கிடைத்ததோ இறால். இறால் பாடியதாக எந்தத் துரையும் எழுதிவைக்கவில்லை. மில்லோ பட்டப்பகலில், கூப்பிடாமலே, ஊர் முழுவதும் கேட்கப் பாடிக்கொண்டிருந்தது.

உபகரணம் குவைத்திலிருந்து வந்தது. அங்கே தொழில் பார்த்த சின்ன மாமா, எழுத்து வாசனையில்லாத தம் தாயார் கடிதத்துக்காகப் பிறர் கையை எதிர்பாராதிருக்க வேண்டுமென்று, ஒலிப்பதிவு செய்யும் றேடியோ ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். அந்நாளில் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் கடிதம் என்பது பெரும்பாலும் கசெற்றாகவே இருந்தது. குடும்பம் முழுவதும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர்பின் ஒருவராக ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, அழுது, கடைசியில் சாமான் பட்டியலை ஒப்புவித்து, வெளிநாடு போகும் ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே, வீட்டில் ஒலிப்பதிவு செய்யும் வித்தையை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தாயாராகிய எங்கள் மூத்தம்மா அதில் ஏற்கெனவே பழுத்த அனுபவசாலி. அவவுக்கிருந்த ஒரேயொரு தத்துவப் பிடிவாதம் என்னவெனில், சிவப்புப் பொத்தானை யார் எப்பொழுது எதற்காக அமுக்கினாலும், பேசுவது குவைத்துக்குப் போய்ச் சேரும் என்பதே. இதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

புதுக் கசெற் வாங்கப் பணமில்லை. வாப்பாவிடம் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல் நாடாக்கள் சில இருந்தன. கடையில் விற்கும் பாட்டுக் கசெற்றில் யாரும் மேலெழுதிவிடக் கூடாதென்று அதன் முதுகோரத்தில் இரண்டு சிறு பிளாஸ்ரிக் நாக்குகளை உடைத்தே விற்பார்கள். அந்தக் குழிகளில் சிகரெற் பெட்டியின் வெள்ளிக் கடதாசியைக் கசக்கித் திணித்துவிட்டால் யந்திரம் ஏமாந்துபோகும். செங்கலடி நண்பர் இதை ஒரு சத்திரசிகிச்சை நிபுணருக்குரிய சிரத்தையோடு செய்தார். ஹனிபாவின் கம்பீரமான சாரீரத்தின்மேல் எங்கள் மில்லையும் தறியையும் ஏற்றுவது அபசாரமல்லவா என்று நான் கேட்டதற்கு, “அந்தாள்ற குரல் இதுக்கெல்லாம் அழியாது” என்று மச்சான் பதில் சொன்னான். அந்த வாக்கு பிற்காலத்தில் அட்சரம் பிசகாமல் பலித்தது.

முதற் பாடல் மில். நகரவாசிகளுக்காகச் சொல்கிறேன்: அந்நாளைய நெல்லு மில்லின் இருதயம் லிஸ்டர் என்னும் ஆங்கிலேய டீசல் எஞ்சின். இரண்டு பெரிய சக்கரங்களையும் ஒற்றைச் சிலிண்டரையும் உடைய அதனைக் கைபிடியால் சுழற்றித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். அவ்வகையில் பிரசித்தமான எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுச் சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடியாக நிமிடத்துக்கு 325 வெடி. ஐரோப்பிய நடன அரங்குகளில் நிமிடத்துக்கு 120 அல்லது 130 அடிக்கே இளைஞர் மூச்சு வாங்குகிறார்களென்பதை நினைத்தால், எங்கள் ஊர் நெல் எத்தகைய துரித காலத்துக்குப் பழகியிருந்ததென்பது விளங்கும். மில்காரர் எங்கள் கலை நோக்கத்தை முழுவதும் கேட்டார். ஆக்ஷேபம் ஒன்றும் சொல்லவில்லை. “நெல்லு இல்லாம மெசின் போடமாட்டன்” என்று மட்டும் சொன்னார். ஆகவே மூன்று வீடுகளிலிருந்தும் நெல் திரட்டி, மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனோம். வாத்தியத்துக்குத் தீனி போட்டு வாசித்த வித்துவான்கள் உலகில் அதிகம் பேர் இரார். தவிடு மழையாகப் பொழிய, சின்ன மாமாவின் றேடியோவைச் சாக்கால் போர்த்தி, வார் ஓடும் திசைக்கு எதிரே வைத்துப் பதிந்தோம். அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அதிகமாக இடித்துக் குருணையாக்கிவிட்டீர்களென்று உம்மா ஏசினா. எஞ்சினை ஒரு முறைக்கு இரு முறை ஓடவிட்ட இரகசியம் அவவுக்குத் தெரியாது.

இரண்டாவது பாடல் தறி. ஏறாவூரில் கைத்தறி நெசவு குடிசைத் தொழில். சாரன் நெய்யும் சத்தம் வேலியைத் தாண்டிக் காலை முதல் கேட்டுக்கொண்டேயிருக்கும். மிதியை மிதிக்கும்போது ஒரு மந்த ஓசை, நூல் ஏந்திய தறிநாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும்போது ஒரு சறுக்கல், பின்னர் பலகையை இழுத்து அடிக்கும்போது ஓர் அறை: மூன்றும் சேர்ந்து ஒரு தாளமாகும். அடுத்த வளவு மாமி, நூல் அறுந்தபோதெல்லாம் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டா. இடையிடையே தாளம் நின்றுபோவதைப் பற்றி நாங்கள் பணிவோடு பிரஸ்தாபித்தபோது, “நூல் அறுந்தா அறுந்ததுதான் தம்பி, பாட்டுக்காக நெய்ய ஏலாது” என்று சொல்லிவிட்டா. அந்த மௌனங்களே அந்தப் பாடலின் சிறந்த பாகமென்று இன்று எனக்குத் தோன்றுகிறது. மாமி அவற்றுக்காக ஊதியம் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாவது கொத்துரொட்டி. இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். கொத்துரொட்டி கிழக்கு மாகாணத்திலேதான் பிறந்ததென்று நாங்கள் அனைவரும் நம்புகிறோம்; வேறு மாகாணத்தார் உரிமை கொண்டாடினால் வழக்காடவும் தயாராயிருக்கிறோம். சூடேறிய இரும்புத் தட்டின்மீது ரொட்டியையும் முட்டையையும் வெங்காயத்தையும் குவித்து, இரு கைகளிலும் பிடித்த இரண்டு இரும்புத் தகடுகளால் கொத்தும்போது எழும் ஓசை, இருட்டியபின் பிரதான வீதியில் எங்கிருந்தாலும் கேட்கும். கொத்துபவர் உண்மையில் ரொட்டிக்கு வேண்டிய அளவுக்கு மேலாகவே கொத்துவார். அதிகப்படியான கொத்து முழுவதும் விளம்பரம். நாங்கள் தேர்ந்தெடுத்த ஹோட்டலின் கொத்துக்காரர் ஒரு மகா மேதை. இரண்டு கையும் தனித்தனிக் கணக்கில் ஓடும்; நடுவில் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு, காற்றில் ஒரு வெற்று வீச்சு, மறுபடி குவியலின் நடுவில் விழும்போது இரு தகடும் ஒன்றாய்ச் சந்திக்கும். சாதாரண இரவுகளில் பனியனோடு நிற்கும் அவர், பதிவு என்று கேள்விப்பட்டதும் தலைவாரி, பவுடர் பூசி, பெருநாள் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நின்றவர், சபைக் கூச்சம் பிடித்தவராக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்புவிக்கும் பாவனையில், ஒழுங்காக, மெதுவாக, பிசகில்லாமல் கொத்தினார். இது அவருடைய கொத்தல்லவென்று எங்களுக்குத் தெரிந்தது. சொல்ல யாருக்கும் துணிவில்லை. அரை மணி நேரத்துக்குப் பின், பசியோடு வந்த ஒரு லொறிக்காரர் பொறுமையிழந்து, “காக்கா, இது கொத்தா, ஜனாஸாத் தொழுகையா?” என்று கேட்டார். அதன்பிறகே அவருக்கு ரோஷம் வந்தது. அன்றிரவு அந்தத் தட்டில் எழுந்த ஓசையை வார்த்தையில் எழுத முடியாது, ரொட்டி மாவாகிவிட்டது, லொறிக்காரர் அதைக் கரண்டியால் அள்ளித் தின்றார்.

எதிரொலிக்குக் கிணறு உதவியது. பெரிய நகரங்களில் ஒலிப்பதிவுக் கூடத்தார் வெற்று அறையொன்றில் ஒலியைச் செலுத்தி எதிரொலியைப் பிடிப்பார்களென்று நண்பர் எங்கேயோ வாசித்திருந்தார். எங்கள் வீட்டில் வெற்று அறை கிடையாது. யாரோ ஒருவர் எப்பொழுதும் நித்திரை கொண்டிருப்பார். ஆகையால் றேடியோவை வாளியில் வைத்துக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டு, கிணற்றுக் கட்டில் நின்று தகரத்தை அடித்தோம். அந்தத் தகரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளி, ஊர்க் கூரைகளையெல்லாம் பிடுங்கி இடம் மாற்றி வைத்ததில், ஒரு நீளத் தகரத்தை எங்கள் வளவுக்கு ஒதுக்கியது. விசாரித்தும் சொந்தக்காரர் அகப்படாமையால் அது கோழிக்கூட்டின்மேல் கிடந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்து உதறினால் இடி. விறகுக்கட்டையால் தட்டினால் கோயில் மணிக்கும் தார்ப் பீப்பாவுக்கும் இடைப்பட்ட ஒரு நாதம்.

பின்னர் நண்பர் தம் பழைய யந்திரத்தில் ஒரு பாடலை ஓடவிட்டு, அதன்மேல் இன்னொன்றை வாசித்து, இரண்டையும் சேர்த்துச் சின்ன மாமாவின் றேடியோவில் பதிந்தார். ஒவ்வொரு முறை இப்படி ஏற்றும்போதும் நாடாவின் சொந்த இரைச்சலும் ஒரு பங்கு ஏறியது. அதனோடு பற்றரியும் இறங்கிக்கொண்டே வந்தது. கசெற் நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓட வேண்டுமென்பது விதி. பற்றரி களைத்தால் நாடா விதியை மறந்து மெதுவாக நகரும். அப்படி மெதுவாக நகர்ந்தபோது பதிந்ததைப் புதுப் பற்றரி போட்டுக் கேட்டால், பதிந்ததெல்லாம் துள்ளிக்கொண்டு ஓடும். எங்கள் மில் தையல் மெசினாயிற்று. கொத்துக்காரரின் கை மனித சாத்தியத்தைக் கடந்துவிட்டது; பின்னாளில் அந்த நாடாவைக் கேட்டவர்களெல்லாம் அவருடைய கடையைத் தேடிப்போய், வெறும் கண்ணால் பார்த்து ஏமாந்து திரும்பினார்கள். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் மூத்தம்மாவுக்கு ஏற்பட்டது. சிவப்புப் பொத்தான் அமுங்கும் ஓசை கேட்டால் எந்த மூலையிலிருந்தாலும் வந்து, “மனே, சுகமா இரிக்கியா? சோறு கறி ஒழுங்காத் தின்றியா?” என்று மகனை விசாரித்த அவவுடைய தளர்ந்த குரல், பாட்டுக்குப் பாட்டு ஏழு வயதுச் சிறுமியின் குரலாக வந்து, இடிமுழக்கத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சோறு கறியைப் பற்றிக் கேட்டது. பாடகர் இல்லாத குறை இவ்வாறு நீங்கியது. பாடலுக்கும் பாடலுக்கும் இடையில், நாங்கள் பொத்தானை எடுத்து அமுக்கும் இடைவெளியில், அழியாமல் தங்கிய ஹனிபாவின் குரல் அரைச் சொல் அளவுக்கு எழுந்து அடங்கும்.

அரங்கேற்றம் எங்கள் வீட்டு மண்டபத்தில் நடந்தது. அழைக்கப்பட்டவர் சிலர், வந்தவர் பலர். சபை அதிர்ச்சியடையுமென்று நாங்கள் ஆசையோடு எதிர்பார்த்தோம். அதிர்ச்சி எங்களுக்குத்தான். முதற் பாடல் தொடங்கிய உடனே, முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், “இது ஸ்டேஷன் பக்கத்து மில்லெல்லோ?” என்றார். “இல்ல, இது மேற்குப் பக்கத்து மில். ஸ்டேஷன் பக்கத்து மில் இப்படி இருமாது” என்றார் இன்னொருவர். மெக்கானிக் வேலை செய்யும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பெயறிங் போய்விட்டது, ஒரு மாதம் தாங்காது என்று தீர்ப்பளித்தார். சரியாக அப்படியே நடந்தது. தறி தொடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “இஞ்ச நூல் அறுந்திட்டு” என்றது. கொத்துரொட்டிக்குச் சபையில் பாதிப்பேருக்குப் பசி வந்துவிட்டது. கிணற்றுக்குள் தகரம் முழங்கியபோது, கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்திருந்த ஒருவர் மெல்ல எழுந்து நின்று, “அது என்ர தகரம்” என்றார். ஓசையைக் கேட்டே அடையாளம் கண்டுகொண்டாராம். ஒரு மூலையில் ஆணி கழன்ற இடத்தில் அது எழுப்பும் கிர்ரென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒன்பது வருஷம் அதன்கீழ் நித்திரை கொண்டவராம். கோழிக்கூட்டண்டை போய்ப் பார்த்தோம்; மூலையில் ஆணி இல்லை. மறுநாள் காலை மாட்டு வண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போனார். எங்கள் கோஷ்டி கலைந்தது அன்றுதான். வாத்தியத்தை இழந்த கோஷ்டி வேறென்ன செய்யும்?

மேலைநாட்டில் இதே காரியத்தை இதே காலத்தில் வேறு சிலரும் செய்துகொண்டிருந்தார்களென்பது வெகு காலம் கழித்தே எனக்குத் தெரியவந்தது. இங்கிலாந்தில் திரொபிங் கிறிஸில் என்னும் கோஷ்டியார் 1976ஆம் ஆண்டில் வைத்த கண்காட்சியைப் பார்த்து வெகுண்ட பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், அவர்கள் நாகரிகத்தையே நாசமாக்கப் பிறந்தவர்களென்று சாடினார். அவர்கள் மறு ஆண்டு வெளியிட்ட முதல் இசைத்தட்டில் முதலில் அச்சானவை 785 பிரதிகளே. 1980இல் பேர்லினில் தோன்றிய ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பௌட்டன் என்னும் கோஷ்டியார், பெயரை உச்சரிக்கவே ஒரு லிஸ்டர் எஞ்சின் வேண்டும், நெடுஞ்சாலைப் பாலமொன்றின் உட்கூட்டில் புகுந்து இரும்பை அடித்துப் பதிந்தார்கள். 1984 ஜனவரியில் அவர்களுள் சிலர் லண்டன் கலைக்கூடம் ஒன்றில் சீமெந்துக் கலவை யந்திரத்தையும் துளையிடும் யந்திரத்தையும் ஏற்றி, மேடையையே துளைக்கத் தொடங்கியபோது நிர்வாகத்தார் தலையிட்டுக் கச்சேரியை நிறுத்தவேண்டியதாயிற்று. பாலத்தின் உட்கூட்டைக் குறித்து வாசித்தபோது, எங்கள் கிணற்றுக்கு இத்தனை தூரத்தில் ஓர் உறவினர் இருந்ததை அறிந்து மகிழ்ந்தேன்.

ஆயினும் ஒரு பேதம் உண்டு. அவர்களுடைய இரைச்சலுக்குச் சொந்தக்காரர் இல்லை. எந்த ஆலை, எந்தத் தெரு, எவருடைய இரும்பு என்பது கேட்பவருக்குத் தெரியாது. தெரியாத யந்திரம் இருட்டில் உறுமினால்தான் மனிதனுக்குப் பயம் வரும். அந்தப் பயத்தை விற்றுத்தான் அந்தச் சங்கீதம் பிழைக்கிறது. ஏறாவூரில் சத்தத்துக்கெல்லாம் விலாசம் உண்டு. எந்த லேண்ட்மாஸ்டர் உழவு யந்திரம் எந்த ஒழுங்கையில் திரும்புகிறது, எந்தக் கப்பி எந்த வீட்டுக் கிணற்றில் கிறீச்சிடுகிறது, நோன்பு காலத்துச் சஹர் நேரத்தில் தெருவில் போகும் பாவாவின் றபான் எந்தச் சந்தியை அடைந்துவிட்டது என்பதெல்லாம் பாயில் படுத்தபடியே சொல்லிவிடக்கூடிய ஜனங்களை எந்த இரைச்சலைக்கொண்டு திகைக்கவைப்பது? மேலும், மான்செஸ்ரரிலும் ஷெஃபீல்டிலும் ஆலைச் சத்தம் கேட்டவர்களுக்கு அது தகப்பனின் முதுகை வளைத்த சத்தம். எங்கள் மில் சத்தம் போட்டால் அந்த வருஷம் விளைந்திருக்கிறதென்று அர்த்தம். மௌனமாயிருந்தால்தான் நாங்கள் பயப்படுவோம்.

நம்மவரில் இந்த வித்தையில் உலகப் புகழ் பெற்றவர் எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். தந்தையார் பெயரால் ஒன்றும் தாயார் பெயரால் ஒன்றும் இசைத்தொகுப்பு வெளியிட்ட அவர், 2010இல் தம் பெயராலேயே வெளியிட்ட ‘மாயா’வின் பெரும்பகுதியை லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் தம் வீட்டிலேயே பதிவு செய்தார், அதில் துளையிடும் யந்திரத்தின் ஓசையே ஒரு பாட்டுக்கு வாத்தியமாயிற்று. விமர்சகர் பாதிப்பேர் புகழ்ந்தனர், பாதிப்பேர் காதைப் பொத்தினர். ஒரு மெக்கானிக்கை அழைத்துக் கேட்டிருந்தால் விஷயம் அப்பொழுதே முடிந்திருக்கும். பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர், எங்கள் நாடா பிறந்த அதே 1982இல், பத்து ராகங்களை மின்சார யந்திரத் தாளத்தோடு இணைத்து ஓர் இசைத்தட்டுச் செய்தார்; அன்று வாங்குவாரில்லை; 2010இல் மறுபதிப்பு வந்தபோது, உலகம் இதையெல்லாம் பின்னாலேதான் கண்டுபிடித்தது என்று ஐரோப்பியர் மூக்கில் விரல் வைத்தனர். இந்தச் செய்தியை வாசித்த நாள் முதலாக மச்சான் தலைகால் புரியாமல் திரிகிறான்.

நாடா இத்தனை காலம் பிழைத்திருந்ததே அதிசயம். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஏறாவூர் பட்டதை இந்தக் கட்டுரையின் குரலில் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். வீட்டிலிருந்து எடுத்தவை சில, எடுக்காதவை பல. பிஸ்கட் தகரத்துக்குள் காணி உறுதிகளோடு கிடந்த காரணத்தால் கசெற்றும் எங்களோடு வந்தது. செங்கலடி நண்பர் பின்னர் கனடா போனார். கொத்துக்காரரின் கடையை இப்போது அவருடைய பேரன் நடத்துகிறார். இரட்டைக் கை ஓட்டம் குடும்பச் சொத்தாகத் தொடர்கிறது. மில்கள் மின்சார மோட்டாருக்கு மாறி, இருமாமல், தும்மாமல், அடையாளம் தெரியாமல் ஓடுகின்றன.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு டோஹாவிலிருந்து வந்த என் மருமகன், ராத்தாவின் மகன், கணினி சாஸ்திரத்தில் தேர்ந்தவன், அந்தக் கசெற்றைக் கேட்டு மனமுருகி, இப்பொக்கிஷத்தை டிஜிற்றலாக மாற்றிக் காப்பாற்றுவது தன் கடமையென்று எடுத்துக்கொண்டு போனான். இரண்டு இரவு கண்விழித்தான். கணினியில் இரைச்சல் நீக்கும் கருவியொன்று இருக்கிறதாம். எது இரைச்சல் என்பதற்கு ஒரு சிறு மாதிரியைக் கேட்கக் கொடுத்துவிட்டால், அதன் சாயல் உள்ளது யாவற்றையும் நாடா முழுவதிலும் தேடித் துடைத்துவிடுமாம். அவன் மாதிரியாகக் கொடுத்தது முதற் பாடலின் முதல் நிமிடம். மிஞ்சியதற்கும் ஒவ்வொன்றாக மாதிரி கொடுத்துக்கொண்டே போயிருக்கிறான். மூன்றாம் நாள் மாலை, குடும்பம் முழுவதையும் மண்டபத்தில் கூட்டி, ஒலிபெருக்கியை வைத்து, “மாமா, நாற்பது வருசத்துச் சத்தமெல்லாம் எடுத்திட்டன், இப்ப கிளியரா இரிக்கி” என்று பெருமையோடு பொத்தானைத் தட்டினான்.

மில் இல்லை. தறி இல்லை. கொத்து இல்லை, கிணறு இல்லை, சூறாவளித் தகரம் இல்லை. நெடிய நிசப்தம் ஒன்று ஓடி, அதன் நடுவிலிருந்து ஒரு சிறுமியின் குரல், சோறு கறி ஒழுங்காகத் தின்றாயா என்று சின்ன மாமாவை விசாரித்தது, மறுபடி நிசப்தம், பின்னர் நாகூர் ஹனிபா, கண்ணாடி துடைத்தாற்போன்ற தெளிவோடு, அரைச் சொல் பாடி நின்றார், சிறுமி மறுபடியும் சுகம் விசாரித்தாள், ஹனிபா மறுபடியும் அரைச் சொல்லால் மறுமொழி சொன்னார். இவ்வாறு இருவரும் இரண்டு பக்கமும் முடியும்வரை சம்பாஷித்தார்கள். சபையில் யாரும் அசையவில்லை. நான் மச்சானின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, “இவ்வளவு நல்ல பாட்ட வெச்சிட்டு, அண்டைக்கு ஏன் தம்பி அந்த மெசின் சத்தத்தப் போட்டுக் காட்டின நீ?” என்று கேட்டா.